தரையைப் பார், பிறகு டயரைப் பார்!

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டார். கவிதை எழுத நம் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அந்த வரிசையில் போய் நின்றால் எனக்கு இடம் கிடைக்காது. எனக்குத் தெரிந்தது சைக்கிள். ஆகவே சைக்கிளைப் பற்றியே எழுதுகிறேன்.

அதுவும் நம்ம ஸ்டாண்டில் நிற்கிற சைக்கிளை மட்டும் அல்ல, ஐரோப்பாவில் பந்தயத்துக்கு ஓடும் இரண்டு வகைச் சைக்கிள்களைப் பற்றியும். "அது நமக்கு எதுக்குடா?" என்று கேட்பீர்கள். பந்தயம் என்பது ஒரு பரிசோதனைக்கூடம் மாதிரி. ஒரு டயர் சரியில்லை என்றால் அங்கே ஐந்தே நிமிஷத்தில் தெரிந்துவிடும். நமக்கு அது தெரிய ஐந்து மாதம் ஆகும், அதற்குள் காசு போயிருக்கும். அங்கே அவர்கள் கற்றுக்கொண்டதை வைத்து இங்கே நாம் காசை மிச்சம் பிடிக்கலாமே என்பதுதான் என் எண்ணம்.

இரண்டு பந்தயம், இரண்டு தரை

முதலாவது ரோடு பந்தயம். தார்ச்சாலையில் ஒரே நாளில் 150, 200 கிலோமீட்டர் ஓட்டுவார்கள். 1903-ல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் மூன்று வாரம் நடக்கும். 1896-ல் தொடங்கிய பாரிஸ்-ரூபே ஒரே நாள் பந்தயம். சுமார் 260 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தார் கிடையாது. பழைய காலத்துக் கருங்கல் பாவிய பாதை. அதில் ஓட்டினால் கை நடுங்கி, பல் ஆடும்.

இரண்டாவது சைக்கிளோகிராஸ். இது குளிர்காலப் பந்தயம். வயல், பூங்கா, காடு, மணல்மேடு இவற்றில் கயிறு கட்டி 2.5 முதல் 3.5 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு சுற்று போடுவார்கள். அதையே திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். பெரிய வீரர்களுக்குச் சுமார் ஒரு மணி நேரம். நடுவில் 40 செ.மீ. உயரத்துக்குப் பலகைத் தடுப்பு வைத்திருப்பார்கள். அங்கே ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி, மறுபடி ஏறி உட்கார வேண்டும். சில இடத்தில் படிக்கட்டு. சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான். சேறு, மழை, சில நாள் பனி. பெல்ஜியத்தில் இதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருவார்கள்.

இது பிரான்சில் பிறந்த விளையாட்டு. 1902-ல் டேனியல் கூசோ என்ற ராணுவ வீரர் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். ரோடு வீரர்கள் குளிர்காலத்தில் உடம்பு விட்டுப்போகாமல் இருக்க இதை ஓட்டினார்கள். 1910-ல் டூர் டி பிரான்சை வென்ற ஆக்டாவ் லாபிஸ், தன் வெற்றிக்கு இந்தச் சேற்றுப் பயிற்சியும் ஒரு காரணம் என்று சொன்னதாகச் சொல்வார்கள். முதல் உலகப் போட்டி 1950-ல் பாரிசில் நடந்தது. ஜீன் ரோபிக் வென்றார். பெண்களுக்கு உலகப் போட்டி வர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் போல் 2023, 2024, 2025 மூன்று வருஷமும் சைக்கிளோகிராஸ் உலகப் பட்டத்தையும் வென்றார், அதே மூன்று வருஷமும் பாரிஸ்-ரூபேயையும் வென்றார். பிரான்சின் பாலின் ஃபெரான்-பிரேவோ என்ற பெண் ரோடு, சைக்கிளோகிராஸ், மலைச் சைக்கிள் மூன்றிலும் 2015-ல் ஒரே நேரத்தில் உலகப் பட்டம் வைத்திருந்தார். ஆள் ஒன்று, கால் ஒன்று. ஆனால் ஒரு பந்தயத்துக்கு எடுத்த சைக்கிளை இன்னொன்றுக்கு எடுக்கவில்லை. ஏன்? தரை மாறிவிட்டது. தரை மாறினால் டயர் மாறும். டயர் மாறினால் மற்றதெல்லாம் மாறும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இனி விளக்கம்.

எல்லாம் உள்ளங்கை அகலத்தில்

நம் முதலாண்டு இயற்பியலில் படித்ததுதான்: அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. அதைத் திருப்பிப் போட்டால், எடையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பு கிடைக்கும்.

ஆள் 60 கிலோ, சைக்கிள் 10 கிலோ, மொத்தம் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்து ஓட்டும்போது பின் சக்கரத்துக்குச் சுமார் 60 சதவீதம், அதாவது 42 கிலோ போகும். டயரில் 60 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அது சதுர செ.மீ.க்கு 4.2 கிலோ. 42-ஐ 4.2-ஆல் வகுத்தால் 10 சதுர செ.மீ. அவ்வளவுதான் டயர் தரையைத் தொடும் இடம்! காற்றை 30 பி.எஸ்.ஐ. ஆக்கினால் அது 20 சதுர செ.மீ. ஆகிவிடும். (டயரின் ரப்பர் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் இது தோராயக் கணக்கு.) நாம் மிதிப்பது, பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது எல்லாமே உள்ளங்கையை விடச் சின்னதான இந்த இடத்தில்தான் நடக்கிறது. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கும் வண்டியில் தரையைத் தொடுவது இந்த இரண்டு துண்டு ரப்பர் மட்டும்தான்.

சேற்றுக்கு ஒரு டயர்

சைக்கிளோகிராஸ் டயரில் காற்று மிகக் குறைவு. பெரும்பாலும் 20 முதல் 30 பி.எஸ்.ஐ.க்குள். அப்போதுதான் டயர் அமுங்கி, வேர், கல் மேல் படிந்து பிடிக்கும். டயர் அகலமாக இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உலகப் போட்டி விதிப்படி 33 மி.மீ.க்கு மேல் அகலம் கூடாது. ஆணி வைத்த டயரும் கூடாது. அகலத்தைக் கூட்ட முடியாததால் வீரர்கள் காற்றிலும் டயரின் பட்டனிலும்தான் வித்தை காட்டுகிறார்கள்.

பட்டன் மூன்று தினுசு. உலர்ந்த புல், மணல் என்றால் அரம் மாதிரி சொரசொரப்பு மட்டும் இருக்கும் டயர். சாதாரண ஈரத்துக்கு நடுத்தரப் பட்டன். முழுச் சகதி என்றால் உயரமான பட்டன், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு. இடைவெளி எதற்கு? பட்டன் நெருக்கமாக இருந்தால் சேறு நடுவில் அடைத்துக்கொள்ளும். பிறகு அது பட்டன் டயர் இல்லை, மொட்டை டயர்தான். இடைவெளி இருந்தால் சக்கரம் சுற்றும் வேகத்தில் சேறு உதறிப் போகும். நாற்று நடுவதற்கு முன் வயலில் சேறடிக்கும்போது டிராக்டருக்கு மாட்டும் இரும்புச் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

காற்று குறைந்தால் ஆபத்தும் உண்டு. கல்லில் இடித்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பாம்பு கடித்த மாதிரி இருக்கும். நம்ம பஞ்சர் கடை அண்ணன்கள் இதைப் பார்த்தவுடனே "காத்து இல்லாம ஓட்டுனியா?" என்று கேட்டுவிடுவார்கள். இதைத் தவிர்க்கப் பந்தயக்காரர்கள் டியூபை உள்ளே வைத்துத் தைத்து, ரிம்மின் மேல் பசை போட்டு ஒட்டும் டயரை மாட்டுவார்கள். அல்லது டியூபே இல்லாமல் உள்ளே ஓட்டை அடைக்கும் திரவம் ஊற்றிய டயர். பந்தயத்துக்கு முன் சுற்றை ஓட்டிப் பார்த்துக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிச் சரி செய்வார்கள். பெரிய வீரர்கள் தரைக்குத் தகுந்த மாதிரி எடுக்கப் பல ஜோடிச் சக்கரங்களோடு வருவதும் இதனால்தான்.

ரோட்டுக்கு ஒரு டயர்

ரோடு பந்தயத்தில் ரொம்ப காலம் 23 மி.மீ. அகல டயர்தான் ராஜா. 100 முதல் 120 பி.எஸ்.ஐ. வரை காற்றை அடைத்து, கல்லு மாதிரி வைத்து ஓட்டினார்கள். "டயர் எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு வேகம்" என்ற நம்பிக்கை. இப்போது அது மாறிவிட்டது. 28 மி.மீ. சாதாரணம். காற்றும் அதற்குத் தக்கபடி குறைந்துவிட்டது. பாரிஸ்-ரூபேயில் 30 மி.மீ.க்கும் மேல் மாட்டுகிறார்கள்.

இந்த மாற்றத்துக்கு இரண்டு காரணம்.

ஒன்று, ஒரே எடை, ஒரே காற்று என்றால் ஒல்லி டயரும் அகல டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது வடிவம். ஒல்லி டயரில் அது நீளமாக இருக்கும். அகல டயரில் குட்டையாக, பக்கவாட்டில் விரிந்து இருக்கும். நீளமாக இருந்தால் டயர் அதிகம் அமுங்கி வளைய வேண்டும். வளைந்து வளைந்து ரப்பர் சூடாகும். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? நம்ம காலிலிருந்துதான்!

இரண்டு, சோதனைக்கூடத்தின் வழவழப்பான இரும்பு உருளையில் காற்று கூடக் கூட டயர் லேசாக உருளும். ஆனால் நிஜ ரோடு வழவழப்பாக இல்லை. கல்லுமாதிரி டயர் ஒவ்வொரு சின்ன மேட்டிலும் வண்டியையும் ஆளையும் மேலே தூக்கிப் போடும். தூக்கியது வீண் வேலை. கொஞ்சம் மெத்தென்ற டயர் அந்த மேட்டைத் தானே விழுங்கிக்கொண்டு முன்னே போய்விடும்.

ஆகவே "நல்லா டைட்டா அடிங்கண்ணே" என்பது எப்போதும் சரி அல்ல. "காத்து கொறச்சலே சொகம்" என்பதும் சரி அல்ல. எவ்வளவு வரை அடிக்கலாம் என்று டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். அந்த எல்லையைத் தாண்டாமல், நம் எடை, நம் சுமை, நம் ரோட்டைப் பார்த்து அடிக்க வேண்டும்.

பிரேம், கியர், பிரேக்

இரண்டு வண்டியும் தூரத்தில் பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஒரே சக்கர அளவு. கிட்டே போனால்தான் வித்தியாசம் தெரியும்.

சைக்கிளோகிராஸ் வண்டியில் டயருக்கும் போர்க்குக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். சேறு அடைக்காமல் இருக்க. ரோடு வண்டியில் அது நெருக்கமாக இருக்கும். தோளில் மாட்ட வேண்டும் என்பதற்காக மேல் பாரின் அடிப்பக்கத்தைத் தட்டையாக்கியிருப்பார்கள். ஹேண்டில் நிற்கும் கோணம் ரோடு வண்டியில் சுமார் 73 டிகிரி, சைக்கிளோகிராஸில் சுமார் 72. ஒரு டிகிரிதானே என்று நினைக்கக் கூடாது. கோணம் கொஞ்சம் சாய்ந்தால் சேற்றில் முன்சக்கரம் துள்ளாமல் நேராகப் போகும். பின்சக்கரத்தையும் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். இதனால் வண்டி நிதானமாக இருக்கும்.

கியரைப் பல்லை எண்ணியே புரிந்துகொள்ளலாம். ரோடு வண்டியில் முன்னால் 52 பல், பின்னால் 11 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 10 மீட்டர் போகும். இறக்கத்தில் பறக்கலாம். சைக்கிளோகிராஸில் முன்னால் 40, பின்னால் 32 என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.7 மீட்டர்தான். சேற்று ஏற்றத்தில் அதுதான் கைகொடுக்கும். எங்க அப்பாவின் 28 இன்ச் வண்டியில் எண்ணிப் பார்த்தேன். முன்னால் 44, பின்னால் 18. ஒரு சுற்றுக்குச் சுமார் 5.5 மீட்டர். இரண்டுக்கும் நடுவில். கியரே இல்லாத ஒரு வண்டிக்கு, சமதள ஊரில், இது ரொம்ப யோசித்து வைத்த கணக்கு. யார் முதலில் வைத்தாரோ அவருக்கு ஒரு கும்பிடு.

பிரேக்கில் முன்பு சைக்கிளோகிராஸ்காரர்கள் ரிம்மைப் பிடிக்கும் கட்டைகளை அகலமாக விரிந்த கைகளில் வைத்தார்கள். சேறு வழிந்து போகட்டும் என்று. ஆனாலும் சேறு பட்ட ரிம்மில் கட்டை வழுக்கும். 2010-ல் டிஸ்க் பிரேக்குக்கு அனுமதி வந்தது. ரோடு பந்தயத்தில் அது முழுமையாக வர 2018 ஆனது. டிஸ்க் ஹப் பக்கத்தில் இருப்பதால் சேறும் தண்ணீரும் அதை எளிதில் தொடாது.

பெடலும் வேறு. ரோடு வீரரின் ஷூ அடியில் பெரிய கட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் போட்டு நடந்தால் வாத்து நடைதான். சைக்கிளோகிராஸில் இறங்கி ஓட வேண்டுமே! அதனால் கட்டை சின்னதாக, ஷூவுக்குள் அடங்கியிருக்கும். சுற்றிலும் ரப்பர் பட்டன், முன்விரல் பக்கம் இரண்டு ஆணி. பெடலை இரண்டு பக்கமும் மிதிக்கலாம். எந்தப் பக்கம் என்று குனிந்து தேட அங்கே நேரம் இல்லை.

உடுப்பும் ஒரு உதிரிபாகம்தான்

காற்று எதிர்க்கும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் காற்று நாலு மடங்கு தள்ளும். அதை வெல்ல நாம் கொடுக்க வேண்டிய திறன் எட்டு மடங்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்குச் சட்டை படபடவென்று அடித்தால் அது நஷ்டம். அதனால் தோலோடு ஒட்டிய உடை. 12, 15 கிலோமீட்டரில் போகிற நமக்கு அது தேவையே இல்லை.

ரோடு வீரரின் மேல்சட்டையில் முதுகுப் பக்கம் மூன்று பை இருக்கும். சாப்பாடு, மழைச்சட்டை வைக்க. குனிந்து ஓட்டுகிறவனுக்கு முன்பை உதவாது. அரைக்கால் சட்டையின் உள்ளே மெத்தை வைத்துத் தைத்திருக்கும். அதற்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது. தையல் உரசிப் புண்ணாகிவிடும். மலை ஏறும்போது வேர்க்கும், இறங்கும்போது குளிர்காற்று அடிக்கும். அந்தக் காலத்தில் மலை உச்சியில் ரசிகர்கள் கொடுக்கும் செய்தித்தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்குவார்களாம். காகிதம் காற்றைத் தடுக்கும். எவ்வளவு மலிவான கண்டுபிடிப்பு பாருங்கள்!

சைக்கிளோகிராஸில் பாதி நேரம் தோளில் வண்டி, பலகை தாண்டல். தொங்குகிற துணி எதுவும் மாட்டிக்கொள்ளும். ஆகவே மேலும் கீழும் ஒரே துணியாகத் தைத்த உடை. பை கிடையாது. ஒரு மணி நேரத்துக்குச் சாப்பாடு வேண்டாம். காலில் சூடு தரும் தைலம் பூசுவார்கள். பருத்தித் துணி போட மாட்டார்கள். நனைந்த பருத்தி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

கையுறையைப் பற்றி ஒரு சம்பவம். பெண்களுக்கான பாரிஸ்-ரூபே முதன்முதலாக 2021-ல் நடந்தது. இங்கிலாந்தின் லிசி டைக்னன் தனியாகப் பிரிந்து போய் வென்றார். கையுறை போடாமல் ஓட்டியிருந்தார். பந்தயம் முடிந்தபோது அவருடைய ஹேண்டில்பார் சுற்றிய பட்டையில் ரத்தக்கறை! கருங்கல் அப்படிக் குலுக்கியிருக்கிறது.

தலைக்கவசம் ரோடு பந்தயத்தில் கட்டாயம் ஆனது 2003-ல். அந்த வருஷம் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலேவ் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனார். அதன் பிறகே விதி வந்தது. ஒரு உயிர் போன பிறகு வந்த விதி.

நமக்கு? பேண்ட் விளிம்பு செயினில் மாட்டாமல் வலது காலில் ஒரு கிளிப், அல்லது ஒரு ரப்பர் பேண்டு. தோழிகளே, துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டு ஏறுங்கள். பின்சக்கரத்தில் சுற்றினால் கழுத்தை இறுக்கிவிடும். மாலையில் வீடு திரும்பும்போது வெளிர்நிறச் சட்டை. பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர். முடிந்தால் தலைக்கவசம்.

எங்கள் வீட்டுக் கணக்கு

இதெல்லாம் எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று சொல்கிறேன். என் தம்பி ஒன்பதாம் வகுப்பு. பள்ளி எங்கள் ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர். இரண்டு கிலோமீட்டர் வாய்க்கால் கரை மண்பாதை, ஐந்து கிலோமீட்டர் தார் ரோடு. காலை பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் வருவதற்குள் முதல் இரண்டு பீரியட் போய்விடும். எனக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் நான் பஸ் ஸ்டாண்டு வரை வருகிறேன். அப்பாவின் சைக்கிளில் அப்பா கொத்து வேலைக்குப் போகிறார். தம்பிக்கு ஒன்று வேண்டும்.

அம்மா நூறு நாள் வேலைக் கூலியில் கட்டி வந்த சீட்டு முடிந்து ஒன்பதாயிரம் வந்தது. அது ஒரே தடவைதான். தப்பான வண்டி வாங்கினால் அடுத்த சீட்டு முடிகிற வரை தம்பி நடக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். "நீதானப்பா மெக்கானிக்கல் படிக்கிற. நீ பாத்து எதச் சொல்றியோ அதயே வாங்கிருவோம்" என்று சொல்லிவிட்டார். பரீட்சை ஹாலில்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்தது இல்லை.

தம்பி கேட்டது, கடையில் முன்வரிசையில் நின்ற கியர் வண்டி. முன்னாலும் நடுவிலும் ஷாக், 2.4 இன்ச் அகலத்தில் பெரிய பட்டன் டயர், 21 கியர். பார்க்கப் பிரமாதம்தான். நான் தரையைப் பார்த்தேன். ஏழில் ஐந்து கிலோமீட்டர் தார். அங்கே பட்டன் ஒவ்வொன்றும் மடங்கி நிமிர்ந்து காலின் பலத்தைத் தின்னும், சீக்கிரம் தேயும். மலிவு ஷாக் அமுங்குவது பள்ளத்துக்கு மட்டும் அல்ல, எழுந்து மிதிக்கும்போதும் அமுங்கும். வண்டி எடையும் கூட. அதோடு எங்கள் ஊர்ப் பஞ்சர் கடையில் கியர் ஒயரும் கிடையாது, அந்தச் செயினும் கிடையாது. சைக்கிளோகிராஸ்காரர்கள் சேற்றில் ஷாக் இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள் என்பதையும் தம்பிக்குப் போனில் காட்டினேன்.

கடைசியில் எடுத்தது ஷாக் இல்லாத, கியர் இல்லாத வண்டி. 26 இன்ச் சக்கரம், 1.75 அகலம். நடுவில் வழவழப்பு, ஓரத்தில் மட்டும் சின்னப் பட்டன். தார் ரோட்டில் நடுப்பகுதி உருளும், வாய்க்கால் கரை மண்ணில் அமுங்கும்போது ஓரத்துப் பட்டன் பிடிக்கும். வண்டியின் மேல் கால் விரித்து நிற்கச் சொல்லி, பாருக்கும் உடம்புக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. எட்டாயிரத்து முந்நூறு. மிச்சத்தில் ஒரு பூட்டு, ஒரு கைப்பம்ப், ஒரு சொலூஷன் டியூப், ஒட்டுப் போடும் ரப்பர். "கியர் இல்ல" என்று தம்பி இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் காலையில் முதல் மணிக்கு முன்னால் பள்ளியில் இருக்கிறான்.

அப்போது கவனித்த ஒரு முக்கியமான விஷயம். என் பள்ளிச் சைக்கிளும் 26 இன்ச், தம்பி வண்டியும் 26 இன்ச். ஆனால் என் டயர் அவன் ரிம்முக்கு ஏறாது! டயரின் பக்கத்தில் குனிந்து படித்தால் காரணம் தெரியும். என்னுடையது 26 × 1 3/8. அதன் பக்கத்தில் 37-590 என்று இருக்கும். அவனுடையது 26 × 1.75, அதாவது 47-559. முதல் எண் அகலம், இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மி.மீ.யில். 590-ம் 559-ம் எப்படிச் சேரும்? அப்பாவின் 28 × 1 1/2 வண்டிக்கு அது 635. நான் மேலே சொன்ன ரோடு, சைக்கிளோகிராஸ் வண்டிகளுக்கு 622. கடையில் 29 இன்ச் என்று விற்கும் மலைச் சைக்கிளுக்கும் அதே 622-தான். இன்ச் கணக்கு ஆளைக் குழப்பும், இந்த மூன்று இலக்க எண் குழப்பாது.

கடைக்குப் போகும் முன்

நண்பர்களே, நீங்களோ உங்கள் தம்பி தங்கையோ சைக்கிள் எடுக்கப் போகும்போது இந்த வரிசையில் யோசியுங்கள்:

1. தினமும் போகும் பாதையில் தார் எவ்வளவு, மண் எவ்வளவு என்று கிலோமீட்டரில் எழுதுங்கள்.

2. அதிகம் எது உண்டோ அதற்கு டயரைத் தேர்ந்தெடுங்கள். தார் என்றால் வழவழப்பு, மண் என்றால் பட்டன், இரண்டும் என்றால் நடுவில் வழவழப்பு, ஓரத்தில் பட்டன்.

3. அந்த டயர் மாட்டும் பிரேமில், உங்கள் உயரத்துக்கு உள்ளதை எடுங்கள். "வளர்ற பையன்தானே" என்று பெரிசாக எடுக்க வேண்டாம். அவன் வளரும் வரை குரங்குப் பெடல்தான் போடுவான்.

4. கெட்டுப்போனால் உங்கள் ஊர்க் கடையில் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அந்தச் சாமான் உங்கள் வண்டியில் வேண்டாம்.

5. டயர் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். டயர், டியூப் மாற்றும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள்.

6. வாரம் ஒரு தடவை காற்று, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை செயினுக்குத் துளி எண்ணெய்.

நம் ஒர்க்‌ஷாப்பில் வெர்னியர் காலிபர் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டுக்காக உருளையை அளந்துவிட்டு வைத்துவிடுகிறோம். ஒரு நாள் ஸ்டாண்டில் நிற்கும் நம் சைக்கிளின் டயர் அகலத்தை அதால் அளந்து, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் சரியாக ஒத்துப்போகாது. ரிம்மின் அகலத்தைப் பொறுத்து டயர் விரியும், ஒடுங்கும். ஏன் என்று நீங்களே படம் போட்டு யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். கடையில் எதை வாங்குவது என்றாலும் வீடு நம் முகத்தைத்தான் பார்க்கும். அப்போது கடைக்காரர் சொல்வதைக் கேட்போம், தம்பி தங்கை ஆசைப்படுவதையும் கேட்போம். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு தடவை குனிந்து தரையைப் பார்த்துவிட்டுச் சொல்வோம்.